2,500 வெள்ளியில் கல்லூரிக்கு ஒரு விளையாட்டுக் கணினி

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறீர்கள். எஸ்டிபிஎம் முடித்துவிட்டுக் கம்பாரில் கணினித் துறையில் சேரப் போகிறீர்கள். செம்பனை ஆலையில் வேலை செய்யும் அப்பா 2,500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறார். பாடத்துக்கும் உதவ வேண்டும், மாலையில் வலோரண்ட், டோட்டா 2 போன்றவற்றை விளையாடவும் வேண்டும். பட்டணத்துக் கடை ஒன்றில் “ஐ7, 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, வண்ண விளக்குப் பெட்டி” என்று 2,200 வெள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கலாமா, தனித்தனியாகச் சாமான் வாங்கிப் பூட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கடைக்காரர் எழுதிக் கொடுத்த அந்த நான்கு சொற்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தனித்தனியாக வாங்கிப் பூட்டுங்கள். நான் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக இருப்பவன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் கணினி பூட்டிக் கொடுத்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டது ஒன்று: உங்களைப் போன்ற வீடுகளில் மொத்தமாகப் பணம் வருவது ஒரே ஒரு முறைதான், அதற்குப் பிறகு வருவதெல்லாம் விடுமுறை வேலையில் சேர்த்த ஐம்பதும் நூறுமாகவே இருக்கும். ஆகவே இன்றைக்கு எது வேகமானது என்று மட்டும் பார்க்காமல், பின்னால் வரும் சில்லறைப் பணத்தைக் கொண்டு எதை வளர்க்க முடியும், ஒரு பாகம் கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்காமல் இருக்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு மாற்றுவதற்குச் சிரமமானவற்றையும், கெட்டால் பக்கத்துப் பாகத்தையும் எரித்துவிடக் கூடியவற்றையும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள்; எளிதில் கழற்றி மாற்றக் கூடியவற்றை மலிவாகவோ பழையதாகவோ வாங்கலாம்.

முதலில் அந்தக் கடைச்சீட்டைப் பார்ப்போம். ஐ7 என்பது கணினியின் மூளையான சிப்புக்கு இன்டெல் நிறுவனம் வைத்த குடும்பப் பெயர் போன்றது. அது வயதைச் சொல்லாது. இந்த விலையில் ஐ7 என்று விற்கப்படும் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது 2012-இல் வந்த ஐ7 3770 அல்லது 2014-இல் வந்த ஐ7 4790 சிப்தான். இரண்டும் டிடிஆர்3 நினைவகக் காலத்தவை. இரண்டிலும் 4 கோர் (கணக்குப் போடும் மையம்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைவரிசை). 2022-இல் வந்த ஐ3 12100எஃப் சிப்பிலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் அந்தப் பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். “8 ஜிபி கார்டு” என்பதும் அப்படியே. அது அநேகமாக ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற வகையாக இருக்கும். உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் 2,304 ஷேடர்கள் (படம் வரையும் சிறு கணக்கிகள்) உண்டு. 2048எஸ்பி என்பது பெயரை மாற்றிக்கொண்டு வந்த ஆர்எக்ஸ் 570 என்றே சொல்லலாம். 8 ஜிபி என்பது கார்டின் நினைவகத்தின் அளவே தவிர, வேகத்தின் அளவு அன்று.

இதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், சிப் இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையும், அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும்தான் ஏற்கப்படும். 3770-உம் 4790-உம் அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார், ஏற்றலாம்தான். ஆனால் ஏமாற்றி விளையாடுவோரைத் தடுக்கும் வலோரண்டின் காவல் மென்பொருள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கணினி திறக்கும்போதே கலப்படம் உண்டா என்று பார்க்கும் வசதி) இரண்டையும் கேட்கும். அவை இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட விளையாட்டே ஓடாத பெட்டிக்கு 2,200 வெள்ளி கொடுப்பதாக அது முடியும். சிப்பின் முழு எண், மதர்போர்டின் பெயர், கார்டின் முழுப்பெயர், பவர் சப்ளையின் பெயர் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் நானே என் கருத்தைப் பரிசீலிக்கிறேன்.

இனி நீங்களே பூட்டுவதானால், சிப்புக்கு ரைசன் 5 5600-ஐயும், மதர்போர்டுக்கு பி550 சிப்செட் கொண்ட சிறிய அளவுப் போர்டையும் சொல்வேன். 2022-இல் வந்த 5600-இல் 6 கோர், 12 த்ரெட் உண்டு. 65 வாட் வகை என்பதால் அதிகம் சூடேறாது. பெட்டியோடு வரும் விசிறியே போதும். இதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதை மறக்காதீர்கள். கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. இன்டெல்லில் ஐ5 12400எஃப் இதற்கு நிகரானது. எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் அங்கும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. 5600 பொருந்தும் ஏஎம்4 பழைய சாக்கெட் (போர்டில் சிப் அமரும் இடம்), அதற்குப் பின் ஏஎம்5 வந்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், 2022-இல் வந்த ஏஎம்5 இன்னும் சில ஆண்டுகள் புதிய சிப்புகளைப் பெறும். ஆனால் அதில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும். தரவு மையங்களின் தேவையால் 2025-இன் இறுதியிலிருந்து நினைவகத்தின் விலை ஏறிக் கிடக்கும்போது, உங்கள் பணத்தில் பாதியைப் போர்டும் ரேமுமே விழுங்கிவிடும். ஏஎம்4 போர்டில் பழைய டிடிஆர்4 துண்டுகளைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று ஆண்டு கழித்து 8 கோர் கொண்ட பழைய 5700எக்ஸ் ஒன்றை வாங்கி அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. கழற்றி மாற்ற எளிதான பாகம், புதியதற்கும் பழையதற்கும் விலை வேறுபாடும் அதிகம். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 கார்டைத் தேடுங்கள்: 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 முனை மின் இணைப்பு. 1080பி (1920 × 1080 புள்ளி) திரைக்கு நீங்கள் கேட்ட விளையாட்டுகள் அனைத்தையும் அது தாராளமாக ஓட்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று பெயரில் நெருக்கமாக ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது வேறு சாதி. 4 ஜிபி நினைவகமும், போர்டோடு தரவு பரிமாற நான்கே தடங்களும் கொண்டது. பழைய போர்டில் போட்டால் வேகம் இன்னும் விழும்.

ஈத்தரியம் என்ற மின்னியல் நாணயம், கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு நாணயம் ஈட்டும் “தோண்டும்” முறையை 2022 செப்டம்பரில் கைவிட்டபோது, இராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கூட்டமாக வந்தன. அவற்றுள் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தோண்டிய கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. சோதிக்காமல் வாங்கக் கூடாது என்பதே பொருள். பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துப் பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கும் பழக்கம் கைப்பேசி உறைக்குச் சரி, கார்டுக்குச் சரியன்று. விற்பவர் வீட்டுக்குப் போய், அவர் கணினியில் மாட்டி, ஜிபியு-இஸட் மென்பொருளில் பெயரும் ஷேடர் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு அது 1,792. பிறகு ஒரு கனமான விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ தெறிக்கிறதா, விசிறி உரசுகிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் ஈரத்தில் பின்பக்கத் தகடு துருப்பிடித்திருந்தால், போர்டிலும் எங்காவது பச்சை பூத்திருக்கும், விட்டுவிடுங்கள்.

ரேம் 16 ஜிபி போதும். ஒரே 16-ஆக அல்லாமல் இரண்டு 8-ஆக வாங்குங்கள். இரண்டு துண்டு இருந்தால் சிப் இரு பாதையிலும் ஒரே நேரத்தில் நினைவகத்தைப் படிக்கும். விளையாட்டில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சேமிப்புக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் வேகமான சேமிப்பு) ஒன்று புதிதாக. ஹார்டு டிஸ்க்கை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள்.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன். என் அக்காள் மகனுக்கு முதன்முதலில் பூட்டிக் கொடுத்த கணினியில், பெட்டியோடு இலவசமாக வந்த “500 வாட்” பவர் சப்ளையையே விட்டுவிட்டேன். எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை பட்டாசு வெடித்ததைப் போல ஒரு சத்தம்; பவர் சப்ளையோடு மதர்போர்டும், அவன் பரீட்சைக்கு எழுதி வைத்திருந்தவை எல்லாம் இருந்த டிஸ்க்கும் போயின. பிறகு அதன் பக்கவாட்டுச் சீட்டைப் படித்துப் பார்த்தேன். மாட்டும் முன்பே படித்திருக்க வேண்டியது. 12 வோல்ட் தடத்தில் 18 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினியில் சிப்பும் கார்டும் ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் 12 வோல்ட் தடத்திலிருந்தே எடுக்கின்றன. ஆகவே 500 என்பது பெட்டியில் அச்சடித்த எண்ணாக மட்டுமே இருந்தது. நல்ல 550 வாட் பவர் சப்ளையின் சீட்டில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் இருக்கும், பெருக்கினால் 540. கடையில் நின்று இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, பாதுகாப்புக்குச் சான்றன்று. ஆனாலும் 80 பிளஸ் வெண்கலத் (Bronze) தரம் பெற்று, ஐந்து ஆண்டு உத்தரவாதமும் தருகின்ற தயாரிப்பு பெரும்பாலும் ஏமாற்றாது. மிக மலிவானவற்றின் பின்புறம் 115, 230 என்று சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115-இல் நின்றிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் அன்றோடு முடிந்தது. அப்படிப் பொத்தான் இருப்பதே வாங்காமலிருக்கப் போதுமான காரணம்.

அடுத்தது எர்த். பழைய லயன் வீடுகளில் மூன்று முனைச் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கும். கணினியின் இரும்புப் பெட்டியை வெறுங்காலோடு தொடும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வதைப் போலச் சுறுசுறுவென்றிருந்தால் எர்த் இல்லை என்று பொருள். பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டியது, போக்கிடம் இல்லாமல் பெட்டியில் நிற்கிறது. அந்தச் சாக்கெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த சர்ஜ் புரொடெக்டரை மாட்டினாலும் அது பாதி வேலைதான் செய்யும்; மிகுதி மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளுவதும் அதன் வேலை. பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துச் சரிசெய்த பிறகே கணினியை மாட்டுங்கள். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். மின்னலைப் பொறுத்தவரை, பக்கத்தில் விழும் இடிக்குச் சர்ஜ் புரொடெக்டரும் முழுப் பாதுகாப்பன்று. பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். கூடவே நெட்வொர்க் கம்பியையும் பிடுங்குங்கள். முன்பு செப்புத் தொலைபேசிக் கம்பியில் ஸ்டிரீமிக்ஸ் இணையம் ஓடிய காலத்தில் மின்னல் அந்தக் கம்பி வழியாகவே மோடத்துக்குள் வந்தது. இன்றைய ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டரும், ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கம்பியும் கடத்தும். ஃபைபர்தானே என்று இருந்து மதர்போர்டின் நெட்வொர்க் துளையை மட்டும் இழந்தவர்களை அறிவேன்.

பெட்டி மலிவானதே போதும், ஒரு நிபந்தனையோடு: முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் பிற்பகல் மூன்று மணிக்கு அறையே கொதிக்கும்போது, அடைத்த பெட்டிக்குள் கார்டு மூச்சுத் திணறும். பின்புறத்தில் பயன்படாத துளைகளைத் தகடு வைத்து மூடுங்கள். இரவில் சூட்டைத் தேடி வரும் பல்லி உள்ளே போய்ப் போர்டில் விழுந்து, தானும் செத்துக் கணினியையும் நிறுத்தியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எறும்பும் கூடு கட்டும். மேசையருகே மைலோவும் பிஸ்கட்டும் வேண்டாம்.

பணத்தை நான் பிரிக்கும் விதம் இது. சிப்புக்கு 430, போர்டுக்கு 370, ரேமுக்கு 280, சேமிப்புக்கு 220, பவர் சப்ளைக்கு 220, பெட்டிக்கு 110, பழைய கார்டுக்கு 600. ஆகமொத்தம் 2,230 வெள்ளி. மீதி 270-இல் அலுவலகங்கள் கழித்துவிட்ட 1080பி திரை ஒன்றும், விசைப்பலகையும் மௌஸும். இவை நான் விதிக்கும் உச்சவரம்புகள். சந்தை விலை வாரத்துக்கு வாரம் ஆடும். ஒன்றில் கூடினால் திரையை ஒத்திப்போட்டுச் சில மாதம் வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகிக்கொள்ளுங்கள், அல்லது கார்டின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். பவர் சப்ளையில் மட்டும் குறைக்காதீர்கள். மின் கட்டணத்தைப் பற்றி அம்மா கவலைப்படுவார்கள் என்றால் சொல்லுங்கள்: விளையாடும்போது திரையோடு சேர்த்து 300 வாட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் 36 யூனிட்தான்.

வாங்குவதற்கு முன் கம்பாரில் உங்கள் பாடத்தில் ஏற்கெனவே படிக்கும் மூத்தவர் ஒருவரிடம், வகுப்புக்கு மடிக்கணினி கட்டாயமா என்று கேட்டுவிடுங்கள். கட்டாயமென்றால் மேற்சொன்ன கணக்கை மாற்ற வேண்டும். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த, 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத மடிக்கணினி ஒன்றை 900 வெள்ளிக்குள் தேடுங்கள். மீதியில் 5600-க்குப் பதிலாக உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி சிப்பைப் போட்டு, கார்டு இல்லாமலேயே கணினியைப் பூட்டுங்கள். வலோரண்ட், டோட்டா 2 இரண்டும் காட்சித் தரத்தைக் குறைத்தால் அதில் ஓடும். ஆனால் இரண்டு துண்டு ரேம் அங்கே விருப்பமன்று, கட்டாயம், ஏனென்றால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. நல்ல பவர் சப்ளை இருப்பதால் அடுத்த ஆண்டு கார்டை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பூட்டும் வேலை நீங்கள் அஞ்சுவதைவிட எளிது. நான்கு ஆணி, சில கம்பிகள். ஏஎம்4 சிப்பில் ஊசிகள் சிப்பின் அடியிலேயே இருக்கும், ஆகவே தங்க முக்கோணக் குறியை ஒத்துவைத்துத் தானாக உள்ளே விழவிட வேண்டும், அழுத்தக் கூடாது. போர்டில் நான்கு ரேம் துளை இருந்தால் சிப்பிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். திரைக் கம்பியைக் கார்டில் செருக வேண்டும், போர்டில் அன்று. “படம் வரவில்லை” என்று இரவு பத்து மணிக்கு என்னை அழைப்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். முதல் முறை படம் வந்ததும் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2400-இலோ 2133-இலோ ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. சிப்பின் மேலுள்ள விசிறியை எப்போதாவது கழற்றினால், கணினியைக் கொஞ்சம் நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். குளிர்ந்திருக்கும்போது இழுத்தால் பசையோடு ஒட்டிச் சிப்பே பிய்ந்து வந்து ஊசிகள் வளையும்.

விண்டோஸுக்குப் பணம் கொடுக்கும் முன் கல்லூரி மாணவர்களுக்கு உரிமம் தருகிறதா என்று கேளுங்கள். உரிமத்தை உடைக்கும் மென்பொருளை இறக்காதீர்கள், அதோடு வருவது வைரஸ். விளையாட்டுகளைக் கைப்பேசி டேட்டாவில் இறக்குவது கட்டாது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டுகளின் கோப்புறையை நண்பர் வீட்டில் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வந்து உங்கள் கணினியில் வைத்தால், அது சரிபார்த்துக்கொண்டு குறைகளை மட்டும் இறக்கும்.

எங்கே வாங்குவது என்றால், ஈப்போவில் நேரில் பார்த்து வாங்கலாம். கோலாலம்பூர் போகும் வாய்ப்பிருந்தால் லோ யாட் பிளாசாவில் விலையை ஒப்பிடலாம். ஷாப்பி, லசாடாவிலும் வாங்கலாம். இணையத்தில் மிக மலிவாகத் தெரிவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத அத்தகைய பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவும் உங்களுடையதாகிவிடும். பவர் சப்ளை, போர்டு, சேமிப்பு மூன்றுக்கும் உள்ளூர் விநியோகிப்பாளரின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது, பெட்டியில் இல்லை. கடை உத்தரவாதத்தை மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வீட்டிலிருந்து பழைய கார்டு விற்கும் தனிமனிதர் மேல் அந்த வழி செல்லாது, அதனால்தான் அவ்வளவு சோதிக்கச் சொன்னேன்.

கம்பாருக்குக் கணினியைக் காரில் கொண்டுபோகும் நாளில் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள், மேடுபள்ளத்தில் அதன் எடை துளையைப் பிளந்துவிடும். மற்றதைப் போர்டு கீழே படியும்படி படுக்க வைத்துப் பின் இருக்கையில் வையுங்கள். ரசீதுகளை அன்றன்றே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைகள் தரும் வெப்ப அச்சுத் தாள் ஓர் ஆண்டுக்குள் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.